நான் கலியாணம் கட்டாதவளாம்

ஒரு காலில் பனிச் சப்பாத்து ஏறிவிட்டது. மற்றக் கால் இன்னும் காலுறையோடு நிற்கிறது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

மொன்றியலில், லாசால் பக்கம் அப்போது நான் இருந்த வீட்டில் தொலைபேசி குசினிச் சுவரில்தான் இருந்தது. ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டி நொண்டிப் போய் எடுத்தேன். கொழும்பிலிருந்து இவர், என் மனுசன். இவரை இங்கே கூப்பிடுவதற்கான விசா நேர்முகம் அன்றைக்குத்தான். விடிய எழும்பி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தவள் நான்.

"என்னப்பா, எல்லாம் சரியோ? எப்ப வரட்டாம்?"

பின்னால் பஸ் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ அங்க கலியாணம் கட்டாத பிள்ளையெண்டு சொல்லிக்கொண்டோ திரியிறாய்?"

எப்போதும் என்னை 'நீர்' என்று கதைக்கிற மனுசன். அன்றைக்கு 'நீ'க்கு இறங்கிவிட்டார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?"

"நான் கதைக்கேல்லை. நேர்முகத்தில இருந்த ஐயா கேக்கிறார். உம்மட மனுசி வேலை செய்யிற கடையில விசாரிச்சனாங்கள், அவ கலியாணமே கட்டேல்லையெண்டு அடிச்சுச் சொல்லுகினம், அப்ப நீர் ஆர் எண்டு கேக்கிறார். நான் ஆர், றெஜினா?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உள்ளதைச் சொல்லு. அங்க வேற ஆரும் இருக்கினமோ?"

நான் பதில் சொல்லுவதற்குள் லைன் அறுந்துவிட்டது. ஒற்றைச் சப்பாத்தோடு, கையில் தொலைபேசியோடு, குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

தலைகீழாய் வந்த கதை

போன கிழமை இந்தப் பத்தியில், நான் டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிய கதையை வாசித்துவிட்டு, "அக்கா, அப்ப உங்கட அவர் எங்க?" என்று கேட்ட வாசகிகளுக்கு இந்தக் கிழமை பதில் கிடைக்கும்.

எங்கள் ஆட்களில் வழமையாக ஆம்பிளைதான் முதல் வருவார். பிறகு மனுசியைக் கூப்பிடுவார். எங்களுக்கு அது தலைகீழ். கலியாணம் முடிந்து சில மாதத்தில் இவர் ஒரு அலுவலாய் வன்னிக்குப் போனார், சண்டையில் பாதை பூட்டிவிட்டார்கள். நான் கொழும்பில் தனியே. என்னைக் கனடாவுக்கு அனுப்ப ஒரு வழி கிடைத்தது, சொந்தக்காரர் அனுப்பிவிட்டார்கள். இவர் உயிரோடு இருக்கிறார் என்பதே எனக்கு மொன்றியல் வந்த பிறகுதான் தெரியும்.

என் அகதி வழக்குச் சரிவந்து, சண்டை ஓய்ந்து, இவர் கொழும்புக்கு வந்து, நான் கூப்பிட எழுதிப்போட்டு, இந்த நேர்முகத்துக்கு வந்து சேரவே வருசக்கணக்கு ஆகிவிட்டது. அவ்வளவும் ஒரே ஒரு வசனத்தில் அறுந்துபோகப் பார்க்கிறது என்றால், கைகால் ஓடுமா?

அந்த வசனத்தைச் சொன்ன ஆளைக் கண்டுபிடித்தால் கொன்றுபோடுவது என்ற முடிவோடுதான் மற்றச் சப்பாத்தைக் கொழுவினேன். மெற்றோவில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பிப் போய் வேறு இருக்கையில் இருந்தார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

கையுறைப் பகுதி

கடையின் பெயர் வேண்டாம். நகர நடுவில், பல மாடியில், ஊசியிலிருந்து கட்டில் வரைக்கும் எல்லாம் விற்ற பழைய பெரிய கடை. நான் நின்றது கீழ்த்தளத்தில், பெண்களின் கையுறைப் பகுதியில்.

கையுறை விற்பதற்கு என்ன பெரிய பழக்கம் என்று நானும்தான் நினைத்தேன். அங்கே அப்படி இல்லை. மேசையில் ஒரு சின்ன வெல்வெட் தலையணை இருக்கும். வந்தவ அதில் முழங்கையை ஊன்றிக் கையை மேலே பிடிக்க வேண்டும். நாங்கள் தோல் கையுறையை விரல் விரலாக ஏற்றி, அடிவரை நீவிவிட்டு, கடைசியில் பெருவிரல். பதப்படுத்திய தோலின் வாசமும் முகப்பவுடர் வாசமும் கலந்து எந்த நேரமும் அந்த மூலையில் நிற்கும்.

இதை எனக்குக் காட்டித்தந்தவ ஜெர்மேன். அறுபதைத் தாண்டியவ. கொண்டை ஒரு மயிர் குலையாது, உதட்டுச் சாயம் மத்தியானம் மங்காது. கடையில் மற்ற எல்லாரும் மதாம். இவ ஒருத்தி மட்டும் மத்மொசெல் ஜெர்மேன், அதாவது செல்வி. பதினெட்டு வயதில் லிப்டுக்குள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மாடிகளின் பெயர் சொல்லுகிற பிள்ளையாகச் சேர்ந்தவவாம். பிறகு கையுறைக்கு வந்தவ, அங்கேயே நின்றுவிட்டா.

ஆட்கள் இல்லாத நேரத்தில் பழைய கதை சொல்லுவா. அவ பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் காதில் நிற்கிறது.

"அந்தக் காலத்தில கலியாணம் கட்டின பொம்பிளையை வைச்சிருக்க மாட்டினம். ஒருத்திக்குச் சரிவந்தால் ஒரு கேக் வெட்டுவினம், வெள்ளித் தட்டம் ஒண்டு குடுப்பினம், பின்னேரமே ஆள் வெளியில. திங்கக்கிழமை விடிய ஒரு மேற்பார்வையாளர் வந்து எங்கட விரல் எல்லாத்தையும் பாப்பார். சனி ஞாயிறு மோதிரம் போட்ட அடையாளம் கிடக்கோ எண்டு."

"கையுறைப் பகுதியிலயோ?"

"அதுதானே. எல்லாரின்ரை கையும் அங்கதான் வெளியில கிடக்கும்."

அவ சிரிப்பா, நானும் சிரிப்பேன். இந்த மனுசிக்குக் கலியாணம் சரிவராமல் போனதற்கு இந்தக் கடைதான் காரணமாக்கும் என்று மனதுக்குள் பாவப்படுவேன். கேட்டதில்லை.

சட்டைக்குள் தாலி

என் தாலி எங்கள் கத்தோலிக்க வேதக்காரரின், புறா பதித்த தாலி. கொடி நல்ல தடிப்பான பவுண். அதை வெளியில் விட்டுக்கொண்டு மெற்றோவில் போவதற்கு எனக்கு என்ன விசரா? வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் எல்லாரும் செய்கிற மாதிரி நானும் சட்டைக்குள் போட்டு, மேல் பொத்தானைப் பூட்டிவிடுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், நிலவறையில் இரும்பு அலுமாரிகள் நிற்கிற உடுப்பு மாற்றும் அறையில், தாலியை எடுத்துக் கொஞ்சிப்போட்டு உள்ளே விட்டேன். இவர் வன்னியில் கிடந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. நிமிர்ந்தால் ஜெர்மேன் நிற்கிறா.

"அது என்ன?"

"கலியாணத் தாலி. மனுசன் ஊரில."

அவ அறைக்கதவைச் சாத்தினா. கிட்ட வந்து உதட்டில் விரலை வைத்தா.

"இஞ்ச ஒருத்தருக்கும் காட்டாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை. என்ரை வாயிலயிருந்தும் வராது."

எனக்கு அவவில் பெரிய மதிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பவுண் போட்டிருக்கிறது தெரிந்தால் ஆரும் அறுத்துக்கொண்டு போவான் என்ற பயம் எங்கள் ஆட்களுக்குத்தான் என்றிருந்தேன், இங்கேயும் இருக்கிறதே என்று நினைத்தேன். "ஓம், சொல்லமாட்டன்" என்று நானும் உதட்டில் விரலை வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை நாங்கள் எடுக்கவேயில்லை. அவ ஒன்றை நினைத்துக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தா, நான் இன்னொன்றை நினைத்துக்கொண்டு பொத்தியிருந்தேன். இரண்டு பேருக்கும் மற்றவளின் நல்ல மனசை நினைத்து ஒரு சந்தோசம் வேறு.

போன் எடுத்தது ஆர்?

அன்று காலை கடைக்குள் நுழைந்ததும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மேசைக்குப் போனேன்.

"என்னைப் பற்றி விசாரிச்சு ஆரோ போன் எடுத்திருக்கினம். ஆர் அதுக்குப் பதில் சொன்னது?"

ஜெர்மேனின் முகம் மலர்ந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணடித்தா.

"நான்தான். போன மாதம். நீ சாப்பிடப் போயிருந்தாய். ஒருத்தன் எடுத்து, இவ இஞ்ச வேலையோ, கலியாணம் கட்டினவவோ எண்டு கேக்கிறான். தலைமைக் காரியாலயத்து ஆக்களாத்தான் இருக்கும். நான் விடுவனோ? அவ செல்வி, அவவுக்கு ஒருத்தரும் இல்லை, எனக்கு வடிவாத் தெரியும் எண்டு சொல்லிப்போட்டன். உன்னைக் காப்பாத்திப்போட்டன்."

நான் கத்தினேன். பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றும் கலந்து கத்தினேன். வாசனைத் திரவியப் பகுதியில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அது குடிவரவுக் கந்தோர்! என்ரை மனுசனுக்கு விசா இல்லாமல் போகப்போகுது! அந்த மனுசன் என்னை வேறமாதிரி நினைக்குது! உங்களை ஆர் கேட்டது?"

"நீதானே மறைச்சு வைச்சிருந்தாய்..."

"அது கள்ளருக்குப் பயத்தில!"

அவவின் முகத்தில் இருந்த நிறம் அப்படியே வடிந்தது.

"கலியாணம் கட்டினதெண்டு தெரிஞ்சால் வேலையால நிப்பாட்டுவினமெண்டு..."

"எந்தக் காலத்தில இருக்கிறியள் நீங்கள்? இந்தக் கடையில முக்கால்வாசிப் பேர் கலியாணம் கட்டினவைதானே!"

அவ கழுத்துப் பொத்தானைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, ஒரு மெல்லிய சங்கிலியை வெளியே இழுத்தா. அதில் ஒரு மோதிரம் தொங்கியது.

கலியாண மோதிரம்.

பேச்சில்லாத கிழமைகள்

எங்கள் ஆட்களுக்குக் குடிவரவுக் கடதாசிகள் பார்த்துக் கொடுக்கிற சிவம் அண்ணையிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"தங்கச்சி, கலியாணப் படமும் கோயில் பதிவும் இருக்குத்தான். ஆனால் ஒருத்தர் இல்லையெண்டு சொன்னது அங்க பதிஞ்சுபோச்சு. சொன்ன ஆளே வந்து, ஏன் சொன்னனான் எண்டு சத்தியம் பண்ணி எழுதித் தந்தால்தான் அது எடுபடும். அதையும் கடை உறுதிப்படுத்த வேணும்."

மறுநாள் ஜெர்மேனிடம் சொன்னேன். அவ தலையாட்டினா, "இல்லை" என்று.

"நான் சேர்ந்தபிறகு களவாக் கலியாணம் கட்டினனான். வருசா வருசம் செல்வியெண்டு கையெழுத்து வைச்சனான். வசந்தகாலத்தில எனக்குப் பென்சன். பொய்க் கையெழுத்தெண்டு அதை நிப்பாட்டினால் நான் எங்க போறது?"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் கூட. அவவின் பயத்துக்கு என் வாழ்க்கையா பலி? பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு கையை வாங்கி, விரல் விரலாகக் கையுறை ஏற்றினோம். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை இல்லை.

இவரும் தானாகப் போன் எடுக்கவில்லை. நான் எடுத்தால், "ம்", "சரி" என்ற அளவில் கதை முடிந்துவிடும். நடந்ததைச் சொன்னேன். "அப்ப அந்த மனுசி ஏன் எழுதித் தரமாட்டன் எண்டுது?" என்றார். இவர் நம்பவில்லை என்று விளங்கியது. நானும் இவர் இடத்தில் இருந்தால் நம்பியிருப்பேனா தெரியாது.

மேலாளரின் அறை

ஒருநாள் காலை ஜெர்மேன் பிந்தி வந்தா. அவ பிந்தி வந்து நான் கண்டதில்லை. இடது கை விரலில் அந்த மோதிரம் இருந்தது.

"வா," என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் மேலாளர் ஒரு இளம் பெண். பிள்ளை பெற்றுவிட்டு அப்போதுதான் திரும்பி வேலைக்கு வந்தவ. மேசையில் அவவின் கலியாணப் படம், கணவரின் தோளில் குழந்தை இருக்கிற படம். அந்தப் படங்களுக்கு முன்னால் ஜெர்மேன் கையை மேசையில் வைத்து மோதிரத்தைக் காட்டினா.

"நான் கலியாணம் கட்டின பொம்பிளை. இருபத்தொரு வயசில கட்டினனான். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது."

மேலாளர் முதலில் சிரித்தா. பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சிரிப்பு நின்றது.

"ஆனால் அந்தச் சட்டமெல்லாம் எப்பவோ எடுத்தாச்சே. அதுக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

"எடுத்தாச்செண்டு சொல்லிச்சினம்தான், எனக்குப் பயம் மட்டும் போகேல்லை. அதுக்குள்ள நான் வருசக்கணக்காப் பொய் சொல்லிப்போட்டன். இனி ஆரிட்டைப் போய் என்னெண்டு சொல்லுறது?"

பிறகு அவ நிற்காமல் சொல்லிக்கொண்டு போனா. கடை ஆட்கள் கண்டுவிடுவார்கள் என்று ஞாயிறு பூசைக்கு வேறு பங்குக் கோயிலுக்குப் போனதை. தெருவில் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நடந்ததை.

"பிள்ளையும் வேண்டாமெண்டு விட்டம். வயிறு காட்டிக்குடுத்திடுமே."

இதை அவ சாதாரணமாகச் சொன்னா, பஸ்ஸை விட்டுவிட்டோம் என்று சொல்லுகிற மாதிரி. மேலாளர் தன் குழந்தையின் படத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தா.

"இப்ப உங்கட கணவர்?"

"செத்துப்போனார். கனகாலம். நத்தார்ப் பண்டிகை நேரம்."

"நீங்கள் லீவு..."

"ஒண்டுவிட்ட சகோதரன் செத்துப்போனாரெண்டு அரைநாள் கேட்டனான். அதுக்கு அரைநாள்தான் தருவினம். காலமை அடக்கம் பண்ணினம். மத்தியானம் கவுண்டருக்கு வந்திட்டன். அண்டைக்கு நல்ல சனம்."

எத்தனையோ செத்தவீடு கண்டு வந்தவள் நான். ஷெல்லுக்கு நடுவில் புதைத்த செத்தவீடு கண்டவள். புருசனைப் புதைத்த கையோடு வந்து பிறர் கையில் கையுறை ஏற்றிய ஒரு பெண்ணைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் என் பக்கத்தில் நிற்கிற பெண்.

மேலாளர் எழும்பி வந்து, பென்சனுக்கு ஒன்றும் வராது, அதற்குத் தான் பொறுப்பு என்றா. அன்றைக்கே கடதாசி எழுதி, சத்தியம் வாங்குகிற ஆளிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வைத்துத் தந்தார்கள். நான் அதை வாசிக்கவில்லை. மடித்துச் சிவம் அண்ணையிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று இவருக்குப் போன் எடுத்து முழுவதையும் சொன்னேன். "நான் உம்மை அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது," என்றார். 'நீர்' திரும்பி வந்துவிட்டது. தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் நிலத்தில் இருந்து அழுதேன்.

வந்து இறங்கிய நாள்

அந்தக் கடதாசி எடுபட்டு, விசா கிடைத்து இவர் வந்தபோது பனி கரையத் தொடங்கியிருந்தது. டோர்வலில், மெலிந்து காதெல்லாம் துருத்திக்கொண்டு வெளியே வந்தார். கட்டிப்பிடித்ததும் அழுததும் எங்களோடு இருக்கட்டும்.

சிவம் அண்ணையின் காரில் ஏறினோம். வீட்டில் புரோசார்டிலிருந்து வந்த சொந்தக்காரர், புட்டு, றால் குழம்பு, எல்லாம் காத்துக்கொண்டிருந்தன.

"முதல் அந்த மனுசியின்ரை வீட்டை விடுங்கோ அண்ணை," என்றார் இவர்.

நான் திடுக்கிட்டுப் போனேன். "விசரோ உங்களுக்கு? வந்து இறங்கின கையோட? குளிச்சுச் சாப்பிட்டுப் படுங்கோ, நன்றி சொல்ல பேந்து போவம்."

"நன்றி சொல்ல இல்லை. அது செத்தவீடெல்லே. போயிட்டு வந்துதானே குளிக்கிறது?"

"அது நடந்து எவ்வளவு காலம்!"

"எங்களுக்கு இப்பதானே தெரியும்," என்றார்.

சிவம் அண்ணை ஒன்றும் கதைக்காமல் காரைத் திருப்பினார்.

ஜெர்மேன் வெர்டனில் இரண்டாம் மாடியில் இருந்தா. வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. இவர் இரவல் மேலங்கியோடு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மணி அடித்தோம். தலையில் சுருட்டுக் குழல்களோடு கதவைத் திறந்தவ எங்களைக் கண்டதும் சந்தோசத்தில் கத்தினா. இவரைக் கன்னத்தில் கொஞ்ச வந்தா.

இவர் அவவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார். ஒரு வார்த்தை இல்லை. ஊரில் செத்தவீட்டு வாசலில் நிற்பது மாதிரியே நின்றார்.

ஜெர்மேனின் சிரிப்பு குழம்பியது. "இவருக்கு என்ன வேணுமாம்?"

"உங்கட மனுசன் செத்ததுக்கு விசாரிக்க வந்திருக்கிறார்," என்றேன். "எங்கட ஆக்கள் பிந்திக் கேள்விப்பட்டாலும் கட்டாயம் போவினம்."

அவ என்னைப் பார்த்தா, இவரைப் பார்த்தா. கையை இழுக்கவில்லை.

"அவற்ரை பேர் என்ன?" இவர் என்னைத் தமிழில் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாது. இத்தனை மாதத்தில் நான் அதைக் கேட்கவேயில்லை. ஜெர்மேனிடம் கேட்டேன்.

"லூசியன்," என்றா, மிக மெல்ல, உள்ளே ஆரோ படுத்திருக்கிற மாதிரி.

இவர் சிலுவை அடையாளம் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு தமிழில் செபித்தார். "ஆண்டவரே, லூசியனுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்."

ஜெர்மேன் என் கையை இறுகப் பிடித்தா. விரல்கள் குளிர்ந்துபோய் இருந்தன.

"திரும்பச் சொல்லச் சொல்லு."

"எதை? செபத்தையோ?"

"பேரை. அவர் செத்தபிறகு அந்தப் பேரை வேற ஒருத்தரும் என்னட்டைச் சொன்னதில்லை."

"லூசியன்," என்றார் இவர்.

கதவை இன்னும் சாத்தவில்லை. ஜெர்மேன் அந்த வாசலிலேயே, படிக்கட்டு முழுவதும் கேட்க, ஓவென்று அழத் தொடங்கினா.